ராத்திரி யார் முழித்திருப்பார்கள்?

"உங்க பெரியம்மா இருந்தாங்களே, அந்தப் பக்கத்துல நல்ல ஹோம் ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள். மீதிப் பேர் மடிப்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டை என்று இங்கேயே இருப்பவர்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள். கேட்கிற கையோடு ஏழெட்டு போட்டோவும் அனுப்பிவிடுவார்கள். புல்தரை, வாசலில் பிள்ளையார், வெள்ளை டைல்ஸ், கைப்பிடி வைத்த பாத்ரூம். "இது எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?"

டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி எத்தனை பேர் டூட்டியில் இருப்பார்கள், எத்தனை பெரியவர்களுக்கு? அதற்குப் பதில் வராது. கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அப்புறம் அட்வான்ஸ் கட்டிவிட்டோம் என்று செய்தி வரும்.

இந்தப் பதிவு அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். கொஞ்சம் நீளும்.

முதலில் பெரியம்மா. கும்பகோணம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆனதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பிறகு, பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்க மாட்டேன் என்று அவரேதான் ஹோமுக்குப் போகிறேன் என்றார். பென்ஷன் இருந்தது. "என் காசு, என் முடிவு" என்பது அவர் பாஷை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஓர் இடத்தில் சேர்ந்தார். இடையில் ஒரு முறை வேறு இல்லத்துக்கும் மாறினோம். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

தாம்பரத்தைச் சுற்றி இத்தனை முதியோர் இல்லங்கள் எப்படி முளைத்தன என்று யோசித்திருக்கிறேன். சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர், பெருங்களத்தூர், அந்தப் பக்கம் வண்டலூர் கேளம்பாக்கம் சாலை, கூடுவாஞ்சேரி வரை போர்டுகள். நகரத்துக்குள் கிடைக்காத பெரிய மனை இங்கே கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாக ஆஸ்பத்திரி. மின்சார ரயில். இன்னொரு பழைய காரணத்தையும் சொல்லிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் காசநோய் சானடோரியம் நடத்தித் திரும்பிய டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928-ல் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கத் தேர்ந்தெடுத்தது இந்த ஊரைத்தான். மலை, காடு, நல்ல காற்று. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்துவிட்டது. மாதக்கணக்கில் தங்க வைத்து ஆளைப் பார்த்துக்கொள்கிற தொழில் ஆக இங்கே புதிதில்லை. காற்றுதான் பழையபடி இல்லை.

சரி, ஹோமின் ஒரு நாள்.

பெரியம்மா சேர்ந்த முதல் இடத்தில் அதிகாலை நாலரைக்கே குளிப்பாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மார்கழியிலும் நாலரைதான். "எனக்கு எழுபத்தொன்பது வயசு, இப்ப எந்த ஸ்கூலுக்கு நேரமாச்சு?" என்று கேட்டுப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் எழுந்தா உடம்புக்கு நல்லதும்மா" என்றார். காரணம் உடம்பு இல்லை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும். பகல் ஆட்கள் வரும்போது எல்லாரும் குளித்து, புடவையோ நைட்டியோ மாற்றி, விபூதி பூசி உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனை பேரை இரண்டு ஆள் குளிப்பாட்ட வேண்டுமென்றால் நாலரைக்குத் தொடங்காமல் முடியாது.

சாயங்காலமும் இப்படித்தான். ஆறரைக்கு ராத்திரிச் சாப்பாடு. இட்லியோ ரவை உப்புமாவோ. சமையல்கார அம்மாவுக்குப் பஸ் பிடிக்க வேண்டும், பகல் ஆயாக்கள் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் ஊட்டிவிட வேண்டியவர்களுக்கு ஊட்டி முடிக்க வேண்டும். மறுநாள் டிபன் எட்டு மணிக்கு. நடுவில் பதின்மூன்றரை மணி நேரம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கினால் உடம்பு வியர்க்கும், பேச்சு குழறும். தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டால் முடிந்தது கதை. இரண்டாவது இல்லத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு மாரி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பாலின் விலை ஒன்றும் பெரிதில்லை. ஒன்பதரைக்கு அதைச் சூடு பண்ணிக் கையில் கொடுத்து, டம்ளரைத் திரும்ப வாங்க ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்பதுதான் சேதி.

இல்லத்தில் பெரியவர்கள் வாழும் நாள், ஆட்களின் டூட்டி அட்டவணையை வைத்து வெட்டித் தைத்தது. அது தெரிந்துவிட்டால், இந்த இடம் ஏன் இப்படி என்று தோன்றுகிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை கிடைத்துவிடும்.

இனி ராத்திரிக் கணக்கு. ஓர் இல்லத்தில் 28 பேர் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நாலு ஆயா, இரவில் இரண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இந்தப் பக்கத்தில் இது நல்ல இடம் என்றே சொல்லக்கூடிய எண்ணிக்கை. அந்த 28 பேரில் 7 பேர் படுக்கையோடு இருப்பவர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பது எந்த நர்ஸும் சொல்லும் பாலபாடம். ஒருவரைப் புரட்டி, முதுகு பார்த்து, ஈரமிருந்தால் மாற்றி, தலையணை வைக்க இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிஷம். ஏழு பேருக்கு எழுபது நிமிஷம். ஆக ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் எழுபது நிமிஷம் இரண்டு ஆளும் ஏழு கட்டிலோடு சரி. மிச்சம் ஐம்பது நிமிஷத்தில் மற்ற 21 பேரின் பாத்ரூம், தண்ணீர், வயிற்று வலி, "என் பையன் வந்துட்டானா" எல்லாம். இரண்டு பேரில் ஒருத்தி அன்றைக்கு லீவு என்றால் புரட்டுவதே நடக்காது. ஒரே ஆளாகப் புரட்டினால் பெரியவர் விழுவார், இல்லையென்றால் ஆயாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அப்போது என்ன நடக்கும்? டயாப்பர் நடக்கும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு டயாப்பர் வேண்டும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. கைத்தாங்கலாகப் பிடித்துப் போனால் பாத்ரூம் வரை நடக்கக்கூடியவருக்கும் ராத்திரி எட்டு மணிக்கே டயாப்பர் மாட்டிவிடுவதைத்தான் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு முதல் இடத்தில் அதைத்தான் செய்தார்கள். "விழுந்துட்டீங்கன்னா யார் பொறுப்பு?" என்று காரணம். விழுவது உண்மையான பயம்தான்; ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் பெரியவர்கள் விழுவது உண்டு. ஆனால் பிடித்துக்கொண்டு போக ஆள் இல்லாததற்குப் பரிகாரமாக வருகிற டயாப்பர், சில மாதத்தில் நிஜமாகவே அடக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. நடையும் போய்விடுகிறது. அப்புறம் "பாட்டிக்கு இப்ப முழு படுக்கை, மாசம் இவ்வளவு சேர்த்துக் கட்டணும்" என்று குடும்பத்துக்கு போன் வரும். கட்டணம் ஏறும், ஆள் ஏற மாட்டார்கள்.

வாய்விட்டு எதையும் கேட்டுப் பழக்கமில்லாத தலைமுறை. நாற்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் உட்கார வைத்த டீச்சர், டயாப்பர் வேண்டாம் என்று சொல்ல ஓர் இருபது வயதுப் பெண்ணிடம் கெஞ்சியதை நான் பார்த்தேன். இல்லம் மாற்றியது அதனால்தான். கோர்ட்டு கேஸ் எதுவும் இல்லை, சண்டைகூட இல்லை. டெபாசிட்டில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள்.

உலகத்தில் வேறு இடங்களில் இந்தக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களைப் பற்றி ஒரு ராயல் கமிஷன் விசாரித்து 2021-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பின்விளைவாக இல்லத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிஷம் நேரடிப் பராமரிப்பு இருக்க வேண்டும், அதில் 44 நிமிஷம் பதிவு பெற்ற நர்ஸுடையதாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி. அமெரிக்காவில் 2024-ல் 3.48 மணி நேரம் என்று விதி போட்டார்கள். இல்லங்களை நடத்துகிறவர்கள் கோர்ட்டுக்குப் போய் மறு வருஷமே அதை உடைத்தார்கள். பணக்கார நாட்டிலும் ஆள் போடுவதில்தான் சண்டை.

நம் 28 பேர் இல்லத்துக்கு வருவோம். நாலும் இரண்டும் ஆறு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மொத்தம் 72 மணி நேரம், 4,320 நிமிஷம். 28-ஆல் வகுத்தால் தலைக்கு 154 நிமிஷம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே ஆயாதான் தரை துடைக்கிறார், துணி காயப்போடுகிறார், காய் நறுக்கக் கூப்பிட்டால் ஓடுகிறார், தண்ணி லாரி வந்தால் ஹோஸ் பிடிக்கிறார். அதெல்லாம் கழித்தால் நூறு தேறுமா என்பது சந்தேகம். நர்ஸ் நிமிஷம் தனிக் கதை. பகலில் ஒரு நர்ஸ் இருப்பார், அதுவும் பல இடங்களில் படித்துக்கொண்டிருக்கும் பெண். ராத்திரி, "ஆன் கால்" என்பார்கள்.

நீங்கள் பார்க்கப் போகிற எந்த இல்லத்துக்கும் இந்த வகுத்தலைப் போடலாம். போன் கால்குலேட்டர் போதும்.

ஆயாக்களைப் பற்றி எழுதாமல் இதைச் சொல்லி முடிக்க முடியாது. விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பாதி. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், புருஷன் இல்லாதவர்கள், இருந்தும் பிரயோஜனமில்லாதவர்கள். இன்னொரு பாதி அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். தாம்பரத்திலிருந்தே அசாமின் சில்காட் டவுன் வரை வாராந்திர ரயில் இருக்கிறது. அக்கா முதலில் வருவாள், அடுத்த வருஷம் தங்கை, அப்புறம் அந்தத் தெருவே. தமிழை டிவி சீரியல் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதனாலோ என்னவோ கோபம் வந்தால் மாமியார் வசனம் மாதிரி பேசுவார்கள். மறதி நோய் வந்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது சின்ன வயதுப் பாஷைதான் என்பதால் இது சில நேரம் சிக்கல். "ஒண்ணுக்கு வருது" என்பதை ஒரு தாத்தா எத்தனை விதமாகச் சொல்வார், அத்தனையும் அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டும்.

இரண்டு ஊர் ஆட்களையும் கலந்து வைத்தால் பண்டிகைக்கு லீவு கொடுப்பது சுலபம் என்று ஒரு மேனேஜர் பெருமையாகச் சொன்னார். தீபாவளிக்கு அது சரி. பொங்கலும் அசாமியரின் மாக் பிஹுவும் ஒரே சமயத்தில் வரும். சித்திரை வருஷப் பிறப்பும் அவர்களுடைய போஹாக் பிஹுவும் அப்படியே. ஜனவரி நடுவில் எந்த ஹோமுக்காவது போய்ப் பாருங்கள், மேனேஜரே தட்டு கழுவிக்கொண்டிருப்பார்.

சம்பளம் என்று என்னிடம் சொன்னதெல்லாம் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம், சாப்பாடு, தங்க இடம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்றால் பேச்சு மாறும். இதே பெண் ஏஜென்சி வழியாக ஒரு வீட்டில் ஒரே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போனால் கூடக் கிடைக்கும். ஏன் இருக்கப் போகிறார்கள்? ஆறு மாதத்தில் முகங்கள் மாறிவிடும். புது ஆளுக்குப் பெரியம்மாவின் இடது இடுப்பில் தகடு வைத்திருப்பது தெரியாது, மாத்திரையைத் தூளாக்கினால் துப்பிவிடுவார் என்பது தெரியாது, பக்கத்துக் கட்டில் தாயம்மாள் பாட்டி (பெயரை மாற்றியிருக்கிறேன்) அழுதால் பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது, மாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்பது தெரியாது. இதெல்லாம் எந்த நோட்டிலும் எழுதியிருக்காது. ஆயா போனால் அதுவும் கூடப் போய்விடும். இல்லங்களின் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். போன வருஷம் நன்றாக இருந்த இடத்தை நன்றாக வைத்திருந்தது மூன்று பேர். மூன்று பேரும் இப்போது அங்கே இல்லையென்றால் நான் சொல்கிற பெயர் வெறும் போர்டு.

இரண்டாவது இல்லத்தில் திண்டிவனம் பக்கத்து அக்கா ஒருவர் ராத்திரி டூட்டி. எல்லாரையும் "பாட்டி" என்று கூப்பிடுகிற இடத்தில் அவர் மட்டும் பெரியம்மாவை "டீச்சரம்மா" என்பார். மூன்று மணிக்கு ஒரு முறை தானாகவே வந்து, "டீச்சரம்மா, போயிட்டு வந்துடலாமா?" என்று எழுப்பிக் கூட்டிப் போவார். டயாப்பர் வேண்டியிருக்கவில்லை. எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டேன். "இங்க ராத்திரிக்கு மூணு பேருங்க. மூணாவது ஆளு இருந்தா எல்லாம் பண்ணலாம்" என்றார். வேறு ரகசியம் எதுவும் சொல்லவில்லை.

பகல் பொழுதைப் பற்றியும் கொஞ்சம். சுவரோரமாக வரிசையாக நாற்காலி, எதிரே டிவி, அதில் யாருக்கும் பிடிக்காத ஏதோ ஒன்று. பல இல்லங்களில் பகல் என்பது இதுதான். வாரத்துக்கு ஒரு நாள் யோகா டீச்சர் வருவார், கைகளைத் தூக்கிய போட்டோ குடும்பத்தார் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். பெரியம்மா கேட்டது சின்ன விஷயம், முருங்கைக்கீரை ஆய்ந்து தருகிறேன் என்று. சமையல் அம்மாவுக்கு வேலை மிச்சம் என்பதால் முறத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். கீரை ஆயும்போது வந்த பேச்சு, டிவி முன்னால் ஒரு மாதத்தில் வந்திருக்காது. பிறகு வந்த மேனேஜர், "பணம் கட்டி இருக்கிறவங்களை வேலை வாங்கறோம்னு யாராவது வீடியோ போட்டுட்டா?" என்று நிறுத்தினார். அவர் பயம் புரிகிறது. எனக்குக் கோபம்தான்.

சின்ன இடங்களில் இது சுலபமாக நடக்கிறது. 1993-ல் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, மனநலச் சிகிச்சைக்குப் பிறகு போக்கிடம் இல்லாதவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறது. நாலைந்து பேர் ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டில், உதவிக்கு ஆட்களோடு. கடைக்குப் போவார்கள், சமைப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். முதியோருக்கானது இல்லை அது, தேவையும் வேறு. ஆனாலும் நூறு கட்டில் போட்ட கூடத்தைப் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அதை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

இந்த வட்டாரத்தில் நல்ல முன்னோடியும் உண்டு. பாலவாக்கத்து விஸ்ராந்தி, சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கியது. முதியோர் இல்லம் என்றாலே குடும்பத்துக்கு அவமானம் என்று இருந்த காலத்தில், கையில் காசில்லாத, ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக. இன்றைக்குத் தெருவுக்கு ஒரு போர்டு இருக்கிறது. அந்த வெட்கம் போனதில் அவர் மாதிரிப் பெண்களுக்குப் பங்கு இருக்கிறது.

கெட்ட பெயர் வாங்கியவையும் தூரத்தில் இல்லை. 2018 பிப்ரவரியில் உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரம் கருணை இல்லத்து வண்டியை வழியில் மக்கள் மடக்கினார்கள். உள்ளே ஒரு பிணம், அதோடு உயிருள்ள முதியவர்கள், காய்கறி மூட்டை. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதிகாரிகள் போய் அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அந்த வாரமெல்லாம் டிவியில் எலும்பு வியாபாரம் என்ற வதந்திதான் ஓடியது. நூற்றுக்கணக்கான மரணப் படுக்கைக்காரர்களை எத்தனை பேர் பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் யார், என்ன பயிற்சி என்பது நான் பார்த்த எந்த விவாதத்திலும் வரவில்லை. அப்புறம் 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். சேர்த்துவிட்ட பெரியவரைத் தேடி உறவினர் வந்தபோது ஆள் அங்கே இல்லை. ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், அனுமதியே இல்லாமல் நடந்த இடம் அது என்பது ஊருக்குத் தெரிந்தது. 140 பேருக்கு மேல் மீட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் கலெக்டர் உத்தரவில் எல்லா இல்லத்திலும் சோதனை நடக்கும். பதிவுச் சான்றிதழ், தீயணைப்பான், சி.சி.டி.வி., அறை அளவு பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவைதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது, தமிழ்நாட்டு விதிகள் 2009-ல். மத்திய அரசின் மாதிரி விதிகளில், ஆதரவற்ற முதியோர் இல்லம் என்றால் படுக்கையறையில் ஆளுக்கு 7.5 சதுர மீட்டர் என்று புள்ளி வைத்துச் சொல்லியிருக்கிறது. ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று அப்படி ஓர் எண் அதில் இல்லை. டேப் வைத்து அளக்க முடிந்ததை அளந்திருக்கிறார்கள். தனியார் இல்லங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. 2024-ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி.

தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13.6 பேர். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள், 200 படுக்கை. பகல் நேரப் பராமரிப்புக்கு 25 'அன்புச்சோலை' மையங்கள் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இரண்டும் நல்ல வேலை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டுப் பெரியவர் திரும்பப் போவது அந்த இரண்டு ஆயாவிடம்தான்.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இலவச இல்லங்களில் பிறந்தநாள், திருமண நாள், திதி என்று ஒரு வேளைச் சாப்பாடு போடுகிற வழக்கம் நமக்குப் பழக்கமானது. வடை பாயசத்தோடு சாப்பாடு, சர்க்கரைக்காரர்களுக்கும் அதே பாயசம். சில இடங்களில் முகம் தெரியாத குழந்தைக்கு ஹேப்பி பர்த்டே பாட வைப்பார்கள். போடட்டும், பசிக்குப் போடுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மூன்று குடும்பம் போட்டி போடுகிற இடத்தில்கூட, ராத்திரி ஆயா ஒருத்தியின் ஒரு மாதச் சம்பளத்தை நான் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை போட்டோ எடுக்க முடியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த வருஷம் அம்மாவின் திதிக்கு அப்படிச் செய்து பாருங்கள். நிர்வாகிகள் முதலில் முழிப்பார்கள், அப்புறம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அன்றைக்கு எல்லா ஹோமும் கல்யாண வீடு. வார நாளில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை போய் உட்காருங்கள். ஊட்டும்போது ஆயா நின்றுகொண்டு ஊட்டுகிறாரா, உட்கார்ந்து ஊட்டுகிறாரா என்று பாருங்கள். நிற்பவருக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று அர்த்தம். ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் ஏதாவது சொல்கிறாரா, இல்லை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாரா என்று கவனியுங்கள். ஓர் ஆயாவிடம், எத்தனை நாளாக இங்கே இருக்கீங்க என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் அந்த இடத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். படுக்கையில் இருப்பவரின் கட்டில் பக்கத்தில் எந்தெந்த நேரம் புரட்டினோம் என்று எழுதிய தாள் இருக்கிறதா, அதில் ராத்திரி முழுக்க ஒரே பேனா ஒரே கையெழுத்தா என்றும் பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்றால் 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு வந்தது, கீழ்த்தளத்துக் கட்டில்களை யார் மேலே தூக்கினார்கள் என்று கேட்காமல் வராதீர்கள். அந்த வெள்ளத்தில் பகல் ஆட்கள் வர முடியாமல் ராத்திரி ஆட்களே தொடர்ந்து பார்த்துக்கொண்ட கதையை ஓர் இல்லத்து வாட்ச்மேன் எனக்குச் சொன்னார். ஆட்கள் வளாகத்திலேயே தங்கியிருந்தால் இந்த ஒரு நன்மை உண்டு.

கேட்டதற்குக் கோபப்படுகிற மேனேஜர் என்றால் அடுத்த இடம் பாருங்கள்.

சேர்த்த பிறகு பிரச்சினை என்றால், இல்லத்தைப் பற்றிய புகார் மாவட்டச் சமூக நல அலுவலருக்குப் போக வேண்டும். நம் ஊர்கள் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். பிள்ளைகள் சோறு போடவில்லை, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள் என்றால் அதற்குத் தீர்ப்பாயம் உண்டு; கோட்டாட்சியர்தான் தலைமை, தாம்பரத்திலேயே அலுவலகம். அங்கே வக்கீல் வாதாட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யச் சட்டத்தின் 23-வது பிரிவு இருக்கிறது.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567. வாரம் முழுக்க வேலை செய்கிறது, பொறுமையாகக் கேட்கிறார்கள். நேரம் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை. அவர்களுக்கும் பகல் ஷிப்ட்தான். அதற்கு மேல் என்றால் 108 அல்லது 100.